ஈ-டைப், 911, 240இசட், எம்ஜிபி: நம் கடற்கரைக்கு எது சரி?

பழைய ஸ்போர்ட்ஸ் கார் என்று பேச்செடுத்தால் எல்லோரும் முதலில் இன்ஜினுக்குப் போவார்கள். எத்தனை சிலிண்டர், எத்தனை குதிரைத்திறன், என்ன வேகம் என்று நீளும். காசை எண்ணி வைக்கும் நேரம் வந்தால் பார்வை உள்ளே திரும்பிவிடும். சீட்டின் தையலைத் தடவுவார்கள், டேஷ்போர்டில் விரிசல் தேடுவார்கள், கார்ப்பெட்டைத் தூக்கித் தரையைத் தட்டுவார்கள். அது நியாயம்தான். இன்ஜினைப் பிரித்துக் கட்ட உலகம் முழுக்க ஆள் இருக்கிறது. அறுபது வருஷத்துக்கு முன் தொழிற்சாலையில் தைத்த சீட் அதே நிலையில் இருந்தால், அதற்கு ஈடாகப் புதிதாக எதையும் செய்து வைக்க முடியாது. விலையில் பெரிய பங்கு அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

நான் இராமநாதபுரம் பக்கத்து ஆள். எங்கள் கடற்கரையில் இப்படிப்பட்ட கார் வைத்திருப்பவர்கள் அபூர்வம். அதைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் ஏராளம். கீழக்கரையிலிருந்தும் தொண்டியிலிருந்தும் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் போனவர்கள் அங்கே இவற்றைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார்கள். சிலர் ஓட்டியும் இருக்கிறார்கள். விடுமுறைக்கு வந்திருந்த கீழக்கரைக்காரர் ஒருவரிடம், "காக்கா (எங்கள் பக்கத்தில் அண்ணன் என்று பொருள்), ஒண்ணை ஊருக்குக் கொண்டு வந்துட வேண்டியதுதானே?" என்று கேட்டேன். "கொண்டுவந்து? வீட்டு கேட்டுக்கே வருஷா வருஷம் பெயின்ட் அடிச்சு மாளல தம்பி" என்றார்.

அவர் சொன்னது பொய்யில்லை. காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் உலோகம் எப்படி அரிக்கிறது என்று பார்க்க மண்டபத்தில்தான் சோதனை நிலையம் வைத்திருக்கிறது. ஒரு பக்கம் மன்னார் வளைகுடா, மறுபக்கம் பாக் விரிகுடா. மேற்கிலிருந்து கச்சான் அடித்தாலும் வடக்கிலிருந்து வாடை அடித்தாலும் உப்பு வீட்டுக்குள் வந்துவிடும். உப்பு வெறுமனே படிந்து கிடந்தால் பரவாயில்லை, அது காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிடித்து வைத்துக்கொள்ளும். கார்ப்பெட்டுக்கு அடியில் இருக்கும் கம்பளி மெத்தை ஒருமுறை உப்பேறிவிட்டால் வெயில் காலத்திலும் முழுசாகக் காயாது. மேலே கார்ப்பெட் பளபளவென்று இருக்கும், கீழே தகடு போய்க்கொண்டிருக்கும்.

அதனால் நம் ஊர்க் கண்ணோடு ஜாகுவார் ஈ-டைப், டாட்சன் 240இசட், போர்ஷே 911, எம்ஜிபி என்ற நான்கு கார்களையும் வரிசையாகப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்தது. சந்தையில் அதிக விலை போகும் வகை எதுவோ, அது நம் கடற்கரைக்கு ஆகாது. சந்தையில் கொஞ்சம் மலிவாகக் கிடைக்கும் வகைதான் இங்கே நிற்கும். ஒரே ஒரு காரில் மட்டும் இந்தக் கணக்கு பொய்க்கிறது.

முதலில் ஜாகுவார் ஈ-டைப். 1961 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் வந்தது. 3.8 லிட்டர், ஆறு சிலிண்டர், 265 குதிரைத்திறன் என்று கம்பெனி சொன்னது. பிரிட்டனில் அன்றைய விலை சுமார் 2,100 பவுண்ட். இன்று நல்ல நிலையில் இருக்கும் முதல் வரிசைக் காருக்கு ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் கேட்கிறார்கள். உள்ளே உட்கார்ந்தால் விமானி இருக்கையில் உட்கார்ந்த உணர்வு வரும். நடுவில் வரிசையாக நெம்பு சுவிட்சுகள், அவற்றுக்கு மேலே சின்ன மீட்டர்கள், மர விளிம்பும் துளையிட்ட அலுமினியக் கம்பிகளும் கொண்ட ஸ்டீயரிங். ஆரம்ப கார்களில் நடுப்பலகையே புள்ளி அச்சிட்ட அலுமினியத் தகடு. ஆனால் சீட் உடம்பைத் தாங்காது. உயரமானவர்களுக்குக் காலை நீட்ட இடம் போதவில்லை என்று புகார் வந்து, 1962 தொடக்கத்தில் கால் வைக்கும் இடத்தைப் பள்ளமாக்கினார்கள். அந்த மாற்றத்துக்கு முந்தைய தட்டைத்தரைக் கார்களுக்குத்தான் இன்று ஈ-டைப்பிலேயே அதிக மவுசு. கால் மடங்கி உட்கார வேண்டிய காருக்குக் கூடுதல் காசு!

1964இல் வந்த 4.2 லிட்டர் கார் ஓட்டுகிறவனுக்கு எல்லா விதத்திலும் மேல். சீட் திருந்தியது, முதல் கியரும் உரசாமல் விழுந்தது, பிரேக் பிடித்தது. 1968 வாக்கில், இரண்டாம் வரிசை வரும் சமயத்தில், அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளுக்காக நெம்பு சுவிட்சுகளை எடுத்துவிட்டுத் தட்டை சுவிட்சுகள் வைத்தார்கள். அந்தச் சின்ன சுவிட்ச் மாற்றமும் விலையை இறக்கும் காரணங்களில் ஒன்று. விரலுக்குக் கீழே 'டக்' என்று விழும் அந்த நெம்புக்கு மனிதர்கள் காசு கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள். எனக்கு அது புரிகிறது. திறந்த காருக்குக் கூரைக் காரைவிட விலை அதிகம் என்பதுதான் நம் ஊருக்குப் பொருந்தாத கணக்கு. தனுஷ்கோடி சாலையில் மணல் காற்று தார் மேல் ஓடுவதைப் பார்த்தவர் யாரும் திறந்த காரில் கான்னலி கம்பெனித் தோல் சீட்டை அங்கே கொண்டுபோக மாட்டார். ஐப்பசி, கார்த்திகை மழையில் மூடிவைத்த காருக்குள் தோல் மீது பூஞ்சணம் பூத்துவிடும். இதைவிடப் பெரிய ஆபத்து முன்பக்கத்தில் இருக்கிறது. ஈ-டைப்பின் இன்ஜினைத் தாங்குவது சதுரக் குழாய்களால் ஆன சட்டகம். குழாய்க்குள் துரு பிடித்தால் வெளியே தெரியாது. ஈ-டைப்பை நான் போய்ப் பார்த்து மகிழ்வேன், இங்கே வாங்கி நிறுத்தமாட்டேன்.

அடுத்தது 240இசட். இதில் என் மனசு சாய்ந்திருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1969 கடைசியில் ஜப்பானின் டாட்சன் இதை அறிமுகப்படுத்தியது. அமெரிக்காவில் விலை 3,526 டாலர். 2.4 லிட்டர் ஆறு சிலிண்டர் இன்ஜின், நீண்ட மூக்கு. ஐரோப்பியக் கார் பாதி விலையில் கிடைத்ததுபோல அமெரிக்கர்கள் வாங்கிக் குவித்தார்கள். அந்தக் காலத்தில் ஜப்பான் கார் என்றால் இளக்காரம். 2020 ஜனவரியில் அதிகம் ஓடாத, கை வைக்காத ஒரு 1971 கார் 3,10,000 டாலருக்கு ஏலம் போனபோது அந்த இளக்காரம் எங்கே போனதென்றே தெரியவில்லை. அந்த விலைக்குக் காரணம் இன்ஜின் இல்லை. ஓடாத, மாற்றாத, உள்ளே வெளியே எல்லாம் தொழிற்சாலையில் விட்டபடி இருந்த நிலைதான்.

உள்பக்கத்தில் 240இசட்டுக்கு நிகர் அந்த விலையில் எதுவும் இருந்ததில்லை. டேஷ்போர்டின் நடுவில் மூன்று மீட்டர்கள், ஒவ்வொன்றும் ஆழமான குழிக்குள், மூன்றுமே ஓட்டுகிறவன் பக்கம் லேசாகத் திரும்பி நிற்கும். ஸ்பீடோமீட்டரும், இன்ஜின் சுழலும் வேகத்தைக் காட்டும் டேக்கோமீட்டரும் தனித்தனிக் குழியில். கியர் பெட்டி மேட்டின் மீதும் பின்பக்கச் சக்கர மேடுகளின் மீதும் வைரக்கட்டம் போட்ட வினைல் விரிப்பு. தோல் கிடையாது, மரம்போலத் தெரியும் ஸ்டீயரிங் விளிம்பும் மரம் இல்லை. இருந்தாலும் எங்கேயும் ஏமாற்று வேலை தெரியாது. மலிவான பொருளை மதிப்போடு கையாண்டவர்களின் வேலை அது.

ஆனால் அந்த டேஷ்போர்டுதான் அதன் சாபம். உலோகச் சட்டத்தின் மேல் நுரை, நுரைக்கு மேல் வினைல். வெயில் படப்பட வினைலை இளக்கமாக வைத்திருக்கும் எண்ணெய்ப்பசை ஆவியாகிப் போய்விடும், வினைல் சுருங்கும், மீட்டர் குழிகளுக்கு இடையில் விரிசல் விடும். விரிசல் இல்லாத அசல் டேஷ்போர்டைத் தேடி உலகம் முழுக்க அலைகிறார்கள். மேலே ஒட்டும் மூடிகள் விற்கின்றன, வாங்குகிறவர் அதைக் கண்டுபிடித்துத் தட்டிவிட்டு விலையைக் குறைப்பார். புதிதாக வார்த்ததும் கிடைக்கிறது, ஆனால் அசல் என்று சொல்ல முடியாது. சாயல்குடி வெயிலில் கார் நிற்கும் நேரத்தை யோசித்துப் பாருங்கள். அதோடு 240இசட்டின் தகடு பெயர்பெற்ற துருத் தகடு. பேட்டரி தட்டு, கால் வைக்கும் தரை, தரைக்கு அடியில் ஓடும் சட்டங்கள், பின் சக்கரத்துக்கு முன்னால் உள்ள மூலை என்று எல்லா இடத்திலும் வரும். பனிக்காலத்தில் சாலையில் உப்பு தூவும் ஊர்களில் இவை பெருமளவு அழிந்துபோனதற்கு இதுதான் காரணம். நமக்குச் சாலையில் யாரும் தூவ வேண்டாம், காற்றே தூவும்.

மற்ற மூன்றிலும் "இந்த வகையை வாங்கு, கொஞ்சமாவது தப்பிக்கலாம்" என்று ஒரு வழி இருக்கிறது. 240இசட்டில் எந்த வருஷத்துக் காரை எடுத்தாலும் தகடு ஒன்றுதான், டேஷ்போர்டு ஒன்றுதான். கணக்கு பொய்க்கும் கார் என்று சொன்னது இதைத்தான். மதுரையிலோ கோவையிலோ இருக்கும் ஒருவருக்கு நான் தயங்காமல் இதையே சொல்வேன். பரமக்குடி தாண்டிக் கிழக்கே வந்துவிட்டால் வேண்டாம்.

போர்ஷே 911. 1963இல் 901 என்ற பெயரில் காட்டினார்கள், நடுவில் பூஜ்யம் வரும் மூன்றிலக்கப் பெயர் தங்கள் உரிமை என்று பிரெஞ்சுக் கம்பெனி பெஜோ சொன்னதால் 911 ஆனது. உள்ளே ஐந்து வட்ட மீட்டர்கள், நடுவில் இருப்பது டேக்கோமீட்டர், வேகம் காட்டுவது பக்கத்தில். இந்த ஏற்பாடு பல பத்தாண்டுகளாக மாறாமல் வந்தது. சாவி ஸ்டீயரிங்குக்கு இடப்பக்கம். சீட்டில் கோழிக்கால் கட்டம் போட்ட பெப்பிடா துணி, ஸ்காட்லாந்துக் கட்டத் துணி, 1970களின் கடைசியில் கண்ணை உறுத்தும் பாஷா கட்டம் என்று துணிகளிலேயே ஒரு வரலாறு இருக்கிறது. தோல் சீட் போட்ட 911 பல கிடைக்கும், அசல் பெப்பிடா துணி கிழியாமல் இருக்கும் காரைக் கண்டால் விஷயம் தெரிந்தவர்கள் பேரம் பேசாமல் நெருங்குவார்கள்.

உள்பக்கம் விலையை எப்படி ஆட்டிவைக்கிறது என்பதற்கு 1973இன் 911 கரேரா ஆர்எஸ் 2.7ஐவிட நல்ல சாட்சி இல்லை. மொத்தம் 1,580 கார்கள். பெரும்பாலானவை வசதியான டூரிங் வகை; சுமார் 200 மட்டும் எடை குறைத்த லைட்வெயிட் வகை. லைட்வெயிட்டில் பின்சீட் கிடையாது, கடிகாரம் கிடையாது, கார்ப்பெட் மெலிசு, கதவை இழுக்க ஒரு வார்ப்பட்டை. விலையில் அதுதான் மேலே. பத்து லட்சம் டாலரைத் தாண்டிப் போயிருக்கிறது. எதை எடுத்துவிட்டார்களோ அதற்குத்தான் காசு. எனக்கு இந்த வகை உள்பக்கம் மிகவும் பிடிக்கும். அழுக்குச் சேர இடம் குறைவு, ஈரம் தங்க இடம் குறைவு, தரையை எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம்.

இப்போது நம் கதைக்கு வருவோம். 1973 வரை வந்த நீண்ட முன்மூடி 911கள் சந்தையில் உச்சத்தில் இருக்கின்றன. அதற்குப் பிறகு 1974 முதல் 1989 வரை வந்த தடித்த பம்பர் கார்கள் நீண்ட காலம் அவற்றுக்குக் கீழே கிடந்தன. ஆனால் 1976 மாடலிலிருந்து போர்ஷே உடலைச் சூடான துத்தநாகத்தில் முக்கிப் பூசிய தகட்டால் செய்யத் தொடங்கியது. துத்தநாகம் தன்னை முதலில் அரிக்கக் கொடுத்து அடியில் உள்ள இரும்பைக் காக்கும். பாம்பன் காற்றைத் தாங்கும் தகுதி இந்தப் பட்டியலில் இவற்றுக்குத்தான் அதிகம். அழகுக்கு 1973, ஆயுளுக்கு 1976. அதற்குப் பிறகு 1998 வரை வந்த காற்றுக் குளிர்ச்சிக் கார்களின் விலை ஏறிப்போய்விட்டது. 1997இல் வந்த நீர்க் குளிர்ச்சி 996, போர்ஷேயின் மலிவான பாக்ஸ்டர் காரோடு முன்விளக்கையும் உள்பக்கத்தையும் பகிர்ந்துகொண்டதால், 911 வரிசையிலேயே குறைந்த மதிப்பு பெற்றது. அந்த உள்பக்கத்தின் வளைந்த பிளாஸ்டிக்கை யாரும் இன்னும் முழுசாக மன்னிக்கவில்லை. நானும் மன்னிக்கவில்லை.

911இல் உள்ள சிக்கல் காசும் உதிரியும். ஒரு சின்ன சுவிட்ச் போனாலும் வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும், விலையைக் கேட்டால் தலை சுற்றும். அதனால்தான் கடைசியில் எம்ஜிபி பக்கம் வருகிறேன்.

பிரிட்டனின் எம்ஜி கம்பெனி கார் இது, 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் தயாரானது. எல்லா வகையும் சேர்த்து ஐந்து லட்சத்துக்கு மேல். அதனாலேயே விலை அடங்கியிருக்கிறது. நல்ல ஓட்ட நிலைக் கார் பிரிட்டனில் 10,000 முதல் 20,000 பவுண்டுக்குள் கிடைக்கும். 1.8 லிட்டர் நான்கு சிலிண்டர், பெரிய வேகம் இல்லை. டேஷ்போர்டு சுருக்கம் விழுந்த கறுப்புப் பெயின்ட் அடித்த உலோகத் தகடு. வினைல் இல்லை, நுரை இல்லை, விரிசல் விட ஒன்றுமே இல்லை! பெயின்ட் உரிந்தால் சுரண்டி மறுபடி அடித்துவிடலாம். அமெரிக்காவுக்குப் போன 1968 முதலான கார்களில் மட்டும் தலையணைபோலத் தடித்த மெத்தை டேஷ்போர்டு வைத்தார்கள், கையுறைப் பெட்டியும் போனது. அந்தக் கார்களை ஒதுக்கிவிடலாம், இடப்பக்க ஸ்டீயரிங் வேறு.

சந்தை என்ன சொல்கிறது? 1960களின் தோல் சீட், ஓரத்தில் வேறு நிறக் குழாய்த்தையல், குரோம் பம்பர், திறந்த கூரை: இதுதான் உயர்ந்த விலை. 1970 மாடலிலிருந்து வினைல் சீட். 1974 கடைசியில் கறுப்பு ரப்பர் பம்பர் வந்து உயரத்தையும் ஏற்றினார்கள், அது அடிமட்ட விலை. கூரை வைத்த எம்ஜிபி ஜிடி திறந்த காரைவிட மலிவு. நான் தேர்ந்தெடுப்பது 1970 முதல் 1974க்குள் வந்த, குரோம் பம்பர், வினைல் சீட் ஜிடி. உப்பு துடைத்தால் போகும் சீட், மணல் புகாத கூரை. அடித்தட்டு ஓரங்கள் அரித்துப்போகும், அதை மறைக்கவில்லை. ஆனால் 1988இலிருந்து பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் என்ற நிறுவனம் புது உடலையே அச்சடித்து விற்கிறது. சீட் உறை, கார்ப்பெட், கதவுப் பலகை, கைப்பிடித் திருகு வரை புதிதாகக் கிடைக்கும். இந்த வசதி மற்ற மூன்றுக்கும் இந்த விலையில் இல்லை.

நம் நாட்டு வழியில் யோசிப்பவர்களுக்கு இரண்டு பெயர்களைச் சொல்லிவிட்டுப் போகிறேன். சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் தயாரான டிரையம்ஃப் ஹெரால்டின் சட்டகத்தைக் குட்டையாக்கித்தான் பிரிட்டனில் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் செய்தார்கள், ஹெரால்டு வேலை தெரிந்த பழைய மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். கோவாவில் தயாரான சான் ஸ்டார்முக்கு ஃபைபர் உடம்பு, உப்புக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. உள்பக்கத்தில் பேச ஒன்றும் பெரிதாக இல்லை.

வாங்குகிறவர்கள் பழைய வண்டிகளைப் பதிவதற்கான மத்திய அரசின் 2021 விதியையும் நினைவில் வைக்க வேண்டும். 50 வயது தாண்டிய, பெரிதாக மாற்றாத வண்டியை விண்டேஜ் என்று பதியலாம், எண்ணில் 'விஏ' என்று வரும், பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும். அன்றாட ஓட்டத்துக்கு அதை எடுக்கக்கூடாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல், பராமரிப்பு என்றுதான் வெளியே வரலாம். 1976 போர்ஷே இப்போதுதான் அந்த வயதுக்கு வருகிறது. எம்ஜிபி ஜிடி ஏற்கெனவே வந்துவிட்டது. கார் பெரும்பாலும் ஷெட்டில்தான் நிற்கப்போகிறது என்றால் உட்கார்ந்து பார்க்கும் இடத்துக்கு இன்னும் முக்கியத்துவம் கூடுகிறது.

சீட் வேலைக்கு ஆள் தேடி அலைய வேண்டாம். இராமநாதபுரத்தில் குஷன் கடை வைத்திருப்பவர் ஒருவரிடம் என் பழைய பத்மினி காரின் சீட்டைக் கொடுத்தபோது பக்கத்தில் நின்று பார்த்தேன். பழைய ரெக்சினைக் கிழிக்கவில்லை. பிளேடு முனையால் தையல் நூலை மட்டும் ஒவ்வொன்றாக அறுத்து, துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றின் பின்னாலும் சாக்பீஸால் எண் போட்டு, புது ரெக்சின் மேல் பரப்பி வெட்டினார். பழைய துண்டுகளை என் கையில் கொடுத்து, "இதைத் தூக்கிப் போட்றாதீங்க தம்பி, நாளைக்கு எவன் தைச்சாலும் இதுதான் அளவு" என்றார்.

எம்ஜிபிக்கும் அதையே சொல்வேன். தொழிற்சாலை வினைல் கிழியாமல் இருந்தால் தொடவே வேண்டாம், கொஞ்சம் மங்கியிருந்தாலும் விடுங்கள். கிழிந்திருந்தால் உள்ளூரில் தைத்துக்கொள்ளுங்கள், பிரித்த அசல் துண்டுகளைத் துடைத்து, ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு காற்றுப்புகாத டப்பாவில் போட்டு வையுங்கள். விற்கும்போது அந்த டப்பாவும் காரோடு போக வேண்டும். கார்ப்பெட்டை ஒட்டவைக்காதீர்கள், அழுத்துப் பித்தான் போட்டு வையுங்கள். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை கழற்றி, அடியில் இருக்கும் மெத்தையை வெளியே எடுத்து, தகட்டை நல்ல தண்ணீரில் துடைத்து, இரண்டு கதவையும் திறந்துபோட்டுக் காயவிட்ட பிறகு திரும்ப மாட்டுங்கள்.